கெடு தேதி நோட்டு

என் பெரியப்பா பென்ஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர். கேட்ட ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்றே எழுதிக் கொடுத்தார்.

ராயபுரம் சரக்கு யார்டில் அவருக்கு வேலை. அந்தக் காலத்து ரயில்வே ஊழியருக்கு ஓய்வுக்குப் பிறகு மாதச் சம்பளம் என்ற ஒன்று கிடையாது, பி.எஃப். மட்டும்தான். தொழிலாளி போடும் பணத்தோடு நிர்வாகமும் தன் பங்கைப் போடும். கடைசி நாளில் மொத்தமாகக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். 1957 நவம்பர் 16 தேதியிட்ட கடிதத்தில் ரயில்வே வாரியம் பென்ஷன் திட்டத்தை அறிவித்தது. பழைய ஆட்கள் புதிய திட்டத்துக்கு மாற விரும்பினால் இன்ன தேதிக்குள் எழுதித் தர வேண்டும். அந்தத் தேதியை நீட்டினார்கள். கொஞ்ச காலம் கழித்து இன்னொரு வாய்ப்பு, அதற்கொரு தேதி. இப்படிப் பன்னிரண்டு முறை வாய்ப்புத் தரப்பட்டதைப் பின்னாளில் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் எடுத்துச் சொல்லியிருக்கிறது.

பெரியப்பா விவரம் தெரியாதவர் இல்லை. சுற்றறிக்கையை மற்றவர்களுக்குப் படித்துச் சொல்கிறவரே அவர்தான். "நான் கண்ண மூடிட்டா பென்ஷனும் மூடிக்கும்டா. பி.எஃப். பணம்னா வீட்ல இருக்கும்" என்பார். அன்றைய நிலவரத்தில் அது சரியான கணக்கு. குடும்ப ஓய்வூதியம் ஒழுங்கான வடிவம் பெற்றது 1964 ஜனவரி 1 முதல்தான். அதற்குள் அவர் மனம் இறுகிவிட்டது. மூன்று பெண்கள் வேறு. 1969இல் ஓய்வு பெற்றார். பணம் வந்தது; இரண்டு கல்யாணம், தண்டையார்பேட்டையில் ஓட்டு வீடு. எட்டு வருஷத்தில் பாஸ் புத்தகம் காலி. அவரோ 1984 வரை இருந்தார். அவருக்குப் பின்னால் பெரியம்மாவுக்குக் கிடைத்தது கருணைத் தொகை மாதம் 150 ரூபாய். 1986 ஜனவரியிலிருந்து கணக்கிட்டு 1988இல் அரசாணை போட்டார்கள், பி.எஃப். திட்டத்திலேயே நின்றுவிட்டவர்களின் விதவைகளுக்காக.

நான் வள்ளூர்க்காரன். மீஞ்சூருக்கும் அத்திப்பட்டுக்கும் பக்கத்தில், கொசஸ்தலை ஆற்றங்கரை ஊர். வெளியூர்க்காரர்களுக்கு வள்ளூர் என்றால் 2012க்கும் 2015க்கும் இடையில் எழுந்த, ஐந்நூறு மெகாவாட் வீதம் மூன்று அலகுகள் கொண்ட அனல் மின் நிலையம்தான் தெரியும். எங்களுக்கு அது அணைக்கட்டு ஊர். 1976இல் மின்வாரியத்தில் சேர்ந்தேன். அத்திப்பட்டில் ரயில் ஏறிக் கத்திவாக்கத்தில் இறங்கினால் எண்ணூர் தெர்மல். 1970இல் ஓடத் தொடங்கிய நிலையம். 60 மெகாவாட்டில் இரண்டு அலகு, 110இல் மூன்று, ஆக 450. கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்து 2011இல், ஐம்பத்தெட்டு வயதில் வெளியே வந்தேன். நான் வந்த ஆறாவது வருஷம், 2017 மார்ச் 31 அன்று, நிலையமே ஓய்வு பெற்றுவிட்டது.

என்னிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. காலிக்கோ அட்டை, சிவப்பு முதுகு, ஓரங்களில் நிலக்கரித் தூசி ஏறிக் கறுத்தது. 1981இல் பென்ஷன் மேசைக்கு என்னை மாற்றியபோது எனக்கு மேலிருந்த கண்காணிப்பாளர் எடுத்துக் கொடுத்தார். "ஆர்டர் நம்பரை மறந்தா தேடி எடுத்துக்கலாம். தேதியை மறந்தா ஒருத்தன் குடும்பமே போச்சு. தேதியை மட்டும் இதுல எழுது" என்றார். அன்று எழுத ஆரம்பித்தது. பெரியப்பாவை நினைத்துக்கொண்டு முதல் பக்கத்தில் நான் எழுதியது 16.11.1957.

நோட்டுக்கு முந்திய கதையும் உண்டு. இந்த நாட்டில் பென்ஷன் கருணையாகத்தான் பிறந்தது. கிளைவ் பிரபுவுக்கு வங்காள நவாப் மீர் ஜாபர் எழுதி வைத்துவிட்டுப் போன ஐந்து லட்சம் ரூபாயைக் கொண்டு 1770இல் ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். கம்பெனிப் பட்டாளத்தில் ஊனமான சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் அதிலிருந்து படி கொடுத்தார்கள். நவாப் விட்டுப்போன சொத்து, பிரபு மனம் வைத்துக் கொடுத்தது. அந்த மனநிலை நூறு வருஷம் கழித்து 1871இல் வந்த பென்ஷன் சட்டத்திலும் அப்படியே இருந்தது. கடன்காரன் பென்ஷனை ஜப்தி செய்ய முடியாது என்று அது காப்பாற்றியது. அதே சட்டம், அரசு கொடுத்த பென்ஷன் பற்றிய வழக்கைக் கலெக்டர் சான்று இல்லாமல் சிவில் நீதிமன்றம் எடுக்கக் கூடாது என்றும் சொன்னது. கொடுத்தால் வாங்கிக்கொள், கேள்வி கேட்காதே என்று பொருள். 1971இல்தான், பீகார்க்காரர் தேவகிநந்தன் பிரசாத் தொடுத்த வழக்கில், பென்ஷன் என்பது ஆள்பவரின் தயவு கிடையாது, ஊழியரின் சொத்துரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

உரிமை என்று தீர்ப்பு வந்த பிறகும் கருவூலத் திண்ணையில் அது தயவாகவேதான் இருந்தது. என் அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியர். ஓய்வு பெற்ற புதிதில் மாதம் பிறந்ததும் பொன்னேரி சார் கருவூலத்துக்குப் புறப்படுவார். துவைத்த வேட்டி, மஞ்சள் பையில் பி.பி.ஓ. என்கிற ஓய்வூதியக் கொடுப்பாணைப் புத்தகம். அந்தப் புத்தகத்துக்கு இரண்டு பாதி உண்டு. ஒன்று கருவூலத்தில் இருக்கும், இன்னொன்று நம் கையில். எழுத்தர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அங்க அடையாளம் பார்ப்பார். அப்பாவுக்கு வலது புருவத்துக்கு மேலே ஒரு மச்சம். கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தூக்கிக் காட்டுவார். இருபது வருஷம் அந்த எழுத்தரின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவரே அப்பாதான். ஆனாலும் மச்சத்தைக் காட்டியாக வேண்டும். நடக்க முடியாமல் போனவர்கள், கெசட் பதிவு பெற்ற அதிகாரியிடம் ‘இவர் உயிரோடிருக்கிறார்’ என்று கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். பிறகு மாத நடை போய், ஆண்டுக்கொரு முறை நேர்காணல் என்று ஆயிற்று. ஏப்ரல், மே, ஜூன். அக்கினி நட்சத்திரத்தில் எழுபது வயதுக்காரர்களை வரிசையில் நிறுத்திய மாதங்கள்.

குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்களுக்கு இன்னொரு தாளும் உண்டு. மறுமணம் செய்துகொள்ளவில்லை என்ற உறுதிமொழி. என் மேசையில் எத்தனையோ பேர் அதில் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர், "இதுல இன்னா எழுதிருக்கு தம்பி?" என்று கேட்டபோது என்னால் படித்துச் சொல்ல முடியவில்லை. "நீங்க நல்லாருக்கீங்கன்னு எழுதிருக்கும்மா" என்றேன்.

1982 டிசம்பர் 17. நோட்டில் சிவப்பு மையில் கட்டம் போட்டு எழுதிய தேதி இது ஒன்றுதான். டி.எஸ். நகரா என்பவர் பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து 1972இல் ஓய்வு பெற்றவர். 1979 மே மாதம் மத்திய அரசு பென்ஷன் கணக்கைத் தாராளமாக்கியது. அதுவரை கடைசி முப்பத்தாறு மாதச் சம்பளத்தின் சராசரியைப் பார்த்தார்கள். இனி பத்து மாதம் போதும், உச்சவரம்பும் உயரும். ஆனால் அது 1979 மார்ச் 31 அன்றோ அதற்குப் பிறகோ ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும். முந்தின நாள் வெளியே போனவருக்குக் கிடையாது. அதே நாற்காலி, அதே வேலை, அதே அரிசி விலை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தேதி மட்டும் நிற்கிறது. ‘காமன் காஸ்’ அமைப்பும் சேர்ந்து தொடுத்த அந்த வழக்கில், ஓய்வூதியர் எல்லோரும் ஒரே வகுப்பு, தேதியைக் கோடாகப் போட்டு அவர்களை இரண்டாக வெட்டுவது அரசமைப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவுக்கு விரோதம் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. நீதிபதி டி.ஏ. தேசாய் எழுதியது. டிசம்பர் 17ஐ ஓய்வூதியர் நாள் என்று நாடு முழுக்கக் கொண்டாடுவது இதனால்தான்.

மறுநாள் மதிய உணவு வேளையில் தெர்மல் கேண்டீன் வாசலில் ஆங்கிலப் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு தமிழில் சொன்னேன். பேசின் பிரிட்ஜ் பழைய மின் நிலையத்திலிருந்து மாறி வந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் அன்று ஏதோ பாக்கிக்காக வந்திருந்தார். வழக்கு மத்திய அரசு ஊழியர்களுடையது, நமக்கு நேரடியாகப் பொருந்தாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் வாங்கவில்லை. "இன்னொரு தபா படி" என்றார். மூன்று முறை படித்தேன்.

அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் பெரியப்பா மாதிரி பி.எஃப்.பில் நின்றவர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். எங்களையும் அதே வகுப்பில் சேருங்கள் என்றார்கள். 1990 ஜூலை 13 அன்று, கிருஷேண குமார் வழக்கில், இன்னோர் ஐவர் அமர்வு முடியாது என்றது. பி.எஃப். வாங்கியவரோடு அரசின் கடமை அன்றே முடிந்துவிட்டது, பென்ஷன் வாங்குகிறவரோடு சாகும்வரை தொடர்கிறது, எனவே இருவரும் வேறு வகுப்பு. சட்டப்படி அந்த வாதம் புரிகிறது. பெரியம்மாவின் 150 ரூபாய் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. இத்தனைக்கும், 1986 தொடக்கத்தில் பணியிலிருந்த மத்திய ஊழியர் விஷயத்தில் அரசே வழியை மாற்றிக்கொண்டது. பி.எஃப். வேண்டும் என்கிறவர் 1987 செப்டம்பர் 30க்குள் எழுதித் தர வேண்டும். சும்மா இருந்தால் பென்ஷனுக்கு வந்ததாகக் கொள்ளப்படும். எழுதித் தராதவன் இழப்பான் என்றிருந்ததை, எழுதித் தராதவனுக்குப் பாதுகாப்பு என்று திருப்பிப் போட்டார்கள். ஓய்வூதிய விதிகளில் இதைவிட மனிதத்தன்மையுள்ள ஒரு வரியை நான் பார்த்ததில்லை. எல்லாக் கெடுவும் இப்படி இருந்தால் என் நோட்டுக்கு வேலையே இருந்திருக்காது.

2003க்கு வருகிறேன். ஏப்ரல் 1 முதல் தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை, சம்பளத்தில் பத்து சதவீதம் பிடிக்கும் பங்களிப்பு ஓய்வூதியம்தான் என்று ஆனது. மத்திய அரசு இதை 2004 ஜனவரி 1 முதல் கொண்டுவந்தது; நம் மாநிலம் முந்திக்கொண்டது. இதில் கொடுமை என்னவென்றால், அரசாணை வந்தது ஆகஸ்டில். ஏப்ரலில் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்த எவருக்கும் தாங்கள் ஒரு கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று தெரியாது. எங்கள் தெருவிலேயே இரண்டு பிள்ளைகள், ஒரே துறை. ஒருவன் மார்ச் கடைசியில் சேர்ந்தான். இன்னொருவன் வீட்டில் பங்குனிப் பொங்கல் முடியட்டும் என்று நிறுத்தி வைத்தார்கள். ஏப்ரல் முதல் வாரம் சேர்ந்தான். இன்று இருவரும் ஒரே ரயிலில் வேலைக்குப் போகிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு ஒரே ரயிலில் போவார்களா என்று சொல்ல முடியாது. அந்த 2003 ஜூலையில் நடந்த அரசு ஊழியர் வேலைநிறுத்தமும், ஒரே அடியாக லட்சத்துக்கு மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன் பிறகு பழைய ஓய்வூதியம் என்பது ஒவ்வொரு தேர்தலிலும் மேடைக்கு வரும் பொருளாகிவிட்டது. 2021 தேர்தல் அறிக்கையில் வாக்குறுதியாக வந்தது. 2025 தொடக்கத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரி ககன்தீப் சிங் பேடி தலைமையில் குழுவாக வந்தது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் என்று ஒன்று. அதற்கு மாற ஜூன் 30 கடைசி என்றார்கள், பிறகு செப்டம்பர் 30, பிறகு நவம்பர் 30. பெரியப்பா காலத்துக் கதவு மறுபடி திறந்து மூடியது.

அரசு வேலைக்காரர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் எண்ணூரைப் பற்றிப் பாதிதான் சொன்னதாகும். இங்கே ஒரே சந்தில் மின்வாரியப் பென்ஷன்காரர், துறைமுகப் பென்ஷன்காரர், கம்பெனி ஆள் மூவரும் இருப்பார்கள். கம்பெனி ஆளுக்கு 1995 நவம்பர் 16 முதல் இருப்பது ஊழியர் ஓய்வூதியத் திட்டமான இ.பி.எஸ்.; முதலாளி போடும் பங்கிலிருந்து சம்பளத்தின் 8.33 சதவீதத்தை ஒதுக்கி வைத்துக் கொடுப்பது. 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்றார்கள். அந்த ஆயிரம் அப்படியே நிற்கிறது. அகவிலைப்படி கிடையாது. எங்கள் அகவிலைப்படியைக் கொரோனா சமயத்தில் நிறுத்தி வைத்து, 2022 ஜனவரி முதல் திரும்பக் கொடுத்தார்கள் என்று நாங்கள் புலம்பியபோது, கம்பெனியில் முப்பது வருஷம் லேத் ஓட்டிய பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பென்ஷன் இரண்டாயிரத்துக்குள்.

முழுச் சம்பளத்துக்கும் பங்கு கட்டி உயர் பென்ஷன் பெறலாம் என்று 2022 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. விருப்பம் தெரிவிக்க நான்கு மாதம். பிறகு 2023 மே 3, ஜூன் 26, ஜூலை 11 என்று நீண்டது. பக்கத்து வீட்டுக்காரரும் நானும் மீஞ்சூரில் கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று நாள் உட்கார்ந்தோம். கட்ட வேண்டிய பழைய பாக்கியையும் வட்டியையும் கூட்டிப் பார்த்து, கூடுதலாக வரும் பென்ஷனால் அது எத்தனை வருஷத்தில் ஈடாகும் என்று கணக்குப் போட்டு, அவர் மனைவியின் வயதையும் சேர்த்துப் பார்த்து, பிறகுதான் பட்டனை அழுத்தினோம். ஜூலை 12 காலை அவரோடு வேலை பார்த்த இன்னொருவர் பொன்னேரிப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்தார். கையில் எல்லாத் தாளும் ஒழுங்காக, பிளாஸ்டிக் கவரில். "நேத்தோட முடிஞ்சுபோச்சுண்ணே" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நோட்டில் அந்தப் பக்கத்தை நான் திருப்புவதில்லை.

அதன் பிறகுதான் மாதத்தில் முதல் ஞாயிறு காலை நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கோயில் மண்டபத்தில் கூடத் தொடங்கினோம். யார் எந்தப் பென்ஷன் என்று பார்ப்பதில்லை. நோட்டை விரித்து, வரும் தேதிகளைச் சத்தமாகப் படிப்பேன். மத்திய அரசுப் பென்ஷன்காரர் வாழ்வுச் சான்று தர வேண்டியது நவம்பரில். எண்பது வயது தாண்டியவர் அக்டோபரிலேயே தரலாம். எண்பது முடிந்தால் அடிப்படைப் பென்ஷனில் இருபது சதவீதம் கூடும், எண்பத்தைந்தில் முப்பது, தொண்ணூறில் நாற்பது. பென்ஷனில் ஒரு பகுதியை முன்பே மொத்தமாக வாங்கியதற்கான கம்யூட்டேஷன் பிடித்தம் பதினைந்து வருஷத்தில் நிற்க வேண்டும். நின்றதா என்று பார்க்க வேண்டியது நாம்தான்.

விரல் ரேகைக் கதையும் அந்த மண்டபத்தில்தான் தெரிய வந்தது. 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் வாழ்வுச் சான்று வந்தது. ஆதாரும் விரலும் இருந்தால் போதும், அதிகாரி கையெழுத்து வேண்டாம். நிலக்கரிப் பிரிவில் வேலை பார்த்த ஒருவர், ஒரு வங்கிக் கிளையில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். எந்திரம் எதையும் ஏற்கவில்லை. கையைக் காட்டினார். முப்பது வருஷம் மண்வெட்டிக் காம்பும் கன்வேயர் உருளையும் தேய்த்த விரல்நுனி, கூழாங்கல் மாதிரி வழுவழு என்று இருந்தது. உழைத்த கை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் இரண்டு மாதம் பென்ஷன் நின்றது. 2021 கடைசியில் முகத்தைப் படம் பிடித்துச் சான்று தரும் முறை வந்த பிறகுதான் அவருக்கு விடிவு.

ஓட்டுத் தேதியும் என் நோட்டுக்குள் வந்தது 2021இல். எண்பது தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம் என்று சட்டமன்றத் தேர்தலில் அறிவித்தார்கள். அதற்குப் படிவம் 12டி. தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள், அதாவது மார்ச் 16க்குள், கொடுத்துவிட வேண்டும். எங்கள் தெருவில் எண்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவருக்கு 17ஆம் தேதி தெரிந்தது. ஏப்ரல் 6 அன்று ஆட்டோவில் உட்கார வைத்து, பள்ளிக்கூடப் படியில் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனோம். 2024 மக்களவைத் தேர்தலில் அவருக்கும் 12டி வாங்கலாம் என்று நினைத்திருந்தேன். அந்த மார்ச்சில் வயதை எண்பத்தைந்து என்று மாற்றிவிட்டார்கள். அவருக்குச் சரியாக எண்பத்தைந்து. பிறந்த தேதியை மூன்று முறை சரிபார்த்து எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கே பெட்டி வந்தது. சட்டை போட்டுக்கொண்டுதான் ஓட்டுப் போடுவேன் என்று அடம்பிடித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்தபடி ஓட்டுப் போட்டார்.

2025 நவம்பர் 4 முதல் எஸ்.ஐ.ஆர். வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம். வீடு வீடாகக் கணக்கீட்டுப் படிவம். 2002, 2005இல் நடந்த பழைய திருத்தப் பட்டியலில் உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ எந்தத் தொகுதி, எந்தப் பாகம், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று எழுதக் கேட்டார்கள். தெர்மல் குடும்பங்களுக்கு இது பெரிய சோதனை. அந்தக் காலத்தில் பாதிப்பேர் எண்ணூர் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள். நிலையம் மூடிய பிறகு திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். பழைய கதவு எண்ணுக்கு இன்று கதவும் இல்லை, வீடும் இல்லை.

டிசம்பர் 13 சாயங்காலம் பக்கத்துத் தெரு அக்கா வந்தார். எழுபத்தேழு வயது. வீட்டுக்காரர் தெர்மலில் இருந்து 2006இல் இறந்தவர். குடும்ப ஓய்வூதியத்தில் தனியாக இருக்கிறார். முந்தானையில் மடித்து வைத்திருந்த படிவத்தை எடுத்தார்.

"தம்பி, இத்த பாரேன். நாளையோட கட்சியாமே."

கடைசி நாள் டிசம்பர் 4 என்றிருந்து, 11 ஆகி, தமிழ்நாட்டுக்கு 14 என்று நீண்டிருந்தது. என் பேத்தி போனில் பழைய பட்டியலைத் திறந்தாள். திருவொற்றியூர் தொகுதி, கத்திவாக்கம். பாகம் பாகமாகப் புரட்டினோம். அக்கா பெயரை எழுத்துப் பிழையோடு அச்சிட்டிருந்ததால் முதலில் கண்ணில் படவில்லை. கணவர் பெயரை வைத்துத் தேடியபோது கிடைத்தது. குவார்ட்டர்ஸ் எண்ணும் இருந்தது.

அக்கா போனை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். கணவர் பெயருக்கு மேல் விரலை வைத்தார், திரை நகர்ந்துவிட்டது. பேத்தி மறுபடி கொண்டுவந்து காட்டினாள்.

"எதிர்வூட்டுல ஜோசப் வாத்தியார் இருந்தாரே, அவரு பேரு கீதா?"

இருந்தது. அதற்குக் கீழே அவர் மனைவி பெயர். அக்கா அந்த வரிசை முழுக்கப் படிக்கச் சொன்னார். பேத்தி படித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் அக்கா, செத்துட்டாரு, பையனோட ஓசூருக்குப் போய்ட்டாங்க, இது தெர்ல என்று சொல்லிக்கொண்டே வந்தார். அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கினேன். மறுநாள் காலை வாக்குச்சாவடி நிலை அலுவலரான பி.எல்.ஓ. கையில் கொடுத்து, இன்னொரு படியில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு வந்தோம்.

"அவ்ளோதானே தம்பி? முடிஞ்சுதா?"

"இல்லக்கா. பத்தொன்பதாம் தேதி வரைவுப் பட்டியல் வரும். அதுல உங்க பேரு இருக்கான்னு பார்க்கணும். இல்லன்னா வேற ஃபாரம் குடுக்கணும், அதுக்கு வேற தேதி."

"எழுதி வெச்சுக்கோ" என்றார்.

எழுதினேன். 19.12.2025, அக்கா பெயர், புதிய பாகம் எண். அதற்கு இரண்டு வரி மேலே, 17.12 என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. மண்டபத்துக்கு நாற்காலி சொல்ல வேண்டும்.